கேவலம் என்ற சொல்லும் ஆள் சேராத சஹனும்

சஹன் எங்கள் முன்னால் வந்து இறங்கியபோது அதைச் சுற்றி நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நானும் என் சாச்சியும். சாச்சி என்றால் உம்மாவின் தங்கை.

சஹனைக் காணாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாணங்களில் சோறு வருகிற பெரிய வட்டத் தட்டு அது. ஆறு பேர் பாயில் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவோம். ஆள் சேரும்வரை யாரும் தொட மாட்டார்கள். யாரோடு யார் என்று ஒழுங்கு எதுவும் கிடையாது. இடம் கண்ட இடத்தில் உட்கார வேண்டியதுதான். முன்பின் தெரியாத ஒருவர் தன் பக்கத்து இறைச்சித் துண்டை உங்கள் பக்கம் தள்ளிவிட்டு, "தின்னுங்க மகள், மெலிஞ்சி போய் இரிக்கிறீங்க" என்பார். எனக்கு அந்தச் சாப்பாட்டில் பிடித்ததே அதுதான்.

கல்முனையில் ஒரு கல்யாண மண்டபம். பெண்கள் பக்கம் நிறைந்து வழிந்தது. பரிமாறிக்கொண்டிருந்த பெண் இடுப்பில் கையை வைத்து நின்று கூப்பிட்டார்.

"இங்கால ஒரு சஹனுக்கு நாலு பேர் குறையுது. வாங்ககா, சோறு ஆறிப் போகுது!"

யாரும் எழும்பவில்லை. "எங்கட ஆக்கள் வந்துட்டிரிக்காங்க, அவங்களோட இரிக்கம்" என்றார் ஒருவர். இன்னொருவர் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினார். பக்கத்துச் சஹனில் ஏற்கெனவே ஆள் அதிகம். அதற்குள்ளும் ஒருவர் முழங்காலை மடக்கித் தன்னைச் செருகிக்கொண்டார். அவர் சாச்சிக்கு எதிர்வீட்டுக்காரர். அக்கா முறைக்கு நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர். எங்கள் பக்கம் முதுகு வரும்படி உட்கார்ந்தார்.

சாப்பாடு தொடங்கும் வழக்கப்படி சாச்சி கொஞ்சம் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு தன் பக்கத்து ஓரத்தில், மணலில் கோழி கிளறுவதுபோல, கொஞ்சமாகச் சோற்றை எடுத்தார். மீதி மலை அப்படியே நின்றது.

"நல்லாத் தின்னுங்க சாச்சி."

"ஆறு பேர்ட சோத்த ரெண்டு பேர் எப்பிடி புள்ள தின்ற?" கொஞ்ச நேரம் மென்றார். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "கேவலமாப் போச்சு" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு அது தோன்றியது. எத்தனை தரம் கேட்ட சொல்! நான் பல் தெரியச் சிரித்தால் உம்மாவுக்குக் கேவலம். பின்னேரம் சைக்கிளில் கடற்கரைக்குப் போனால் கேவலம். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க மறந்தால் பெரிய கேவலம். உப்பு, புளி மாதிரி வீட்டில் புழங்குகிற சொல். ஆனால் சாச்சியின் வாயிலிருந்து அன்று வந்தபோது அது கனத்திருந்தது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இதை முதன்முதல் சொன்ன ஆள் எதைப் பார்த்துச் சொல்லியிருப்பார்? இப்படி ஒரு கேள்வி தலைக்குள் புகுந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அன்றும் இறங்கவில்லை.

சாச்சிக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே மகன். எனக்குத் தம்பி முறை. மோட்டார் வயரிங், மின்விசிறி, தண்ணிப் பம்பு என்று எதைக் கொடுத்தாலும் திருத்துவான். சாச்சியின் கணவர், சாச்சப்பா, கத்தாரில் வாகனம் ஓட்டுகிறார். வீட்டில் ஆண் என்றால் இவன்தான். ஐஸ் என்று சொல்கிறார்களே, அந்தப் போதைத் தூள் எங்கள் கரையோர ஊர்களுக்குள் புகுந்தபோது இவனுக்குள்ளும் புகுந்தது. ஒரு பகல் பொலிஸ் ஜீப் வாசலில் வந்து நின்றது. தெரு முழுக்க வெளியே வந்து பார்த்தது. பிறகு நீதிமன்றம், புனர்வாழ்வு நிலையம். அவன் அங்கே இருந்த மாதங்களில்தான் இந்தக் கல்யாணம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சாச்சி ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டார். நான் போனை எடுத்து அகராதியைத் தட்டினேன். சாய்ந்தமருது தாண்டுவதற்குள் கிடைத்துவிட்டது. நான் எதிர்பார்த்தது இழிவு, தாழ்வு, அவமானம். அவையும் இருந்தன, ஆனால் கீழே. மேலே நின்ற பொருள் வேறு. தனிமை. ஒன்றாய் நிற்றல். வேறெதுவும் கலவாதது.

"அல்லாஹ்வே!" என்று கத்திவிட்டேன். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

சாச்சி கண்ணைத் திறந்தார். "என்ன புள்ள? யாருக்கும் என்னவுமா?"

"ஒண்டுமில்ல சாச்சி. படுங்க."

அந்த நேரம் எப்படிச் சொல்வது? சற்று முன் ஆறு பேர் தட்டின் ஓரத்தில் தனியே உட்கார்ந்திருந்தவரிடம், அந்தச் சொல்லுக்கு முதல் பொருளே நீங்கள் இருந்த இருப்புத்தான் என்றா?

காரைதீவில் எனக்கு ஒரு சினேகிதி. கெம்பஸில் மூன்று வருடம் பக்கத்துக் கதிரை. அவளுடைய அப்பா கோயிலில் சைவ வகுப்பு எடுக்கிறவர். வீட்டுக்கு வந்ததும் அவளைப் போனில் பிடித்தேன்.

"கேவலமோ? அது எங்கட வகுப்பில வாற சொல் எல்லோடி" என்றாள். "உயிர் இருட்டுக்குள்ள ஒண்டும் தெரியாமத் தனியக் கிடக்கிற நிலைக்குப் பேர் அது. அப்பா கண்ணை உதாரணம் சொல்லுவார். கண் நல்லாத்தான் இருக்கும், வெளிச்சம் இல்லாட்டி அதால என்னத்தப் பாக்கிற?"

"அப்ப அது ஏச்சு இல்லையா?"

"ஏச்சோ? சமணர் அதையே பெரிய ஞானத்துக்கு வச்சிருக்கினமாம். நீங்க அத வச்சுக் குமர்ப் பிள்ளையளச் சிரிக்க விடாம ஏசுறீங்க."

"நீங்க ஏசுறல்லையா?"

"ஓம், நாங்களுந்தான்" என்று சிரித்தாள். "அம்மா காலமைதான் ஏசினவ."

வடமொழியிலிருந்து வந்த சொல்தான். அங்கே அது தனி, மட்டும், முழுவதும் என்றெல்லாம் பொருள்படும். தமிழில் நடுவில் இன்னொரு படி இருக்கிறது. கேவலம் ஒரு கருவாட்டுத் துண்டுக்கா இந்தச் சண்டை என்கிறோமே, அங்கே அது 'வெறும்' என்று நிற்கிறது. தனியாக நிற்பது முதலில் வெறும் ஆனது. வெறும் என்பது பிறகு கீழானது ஆனது. இந்த வரிசை இப்படியேதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ஒரு சொல் தனிமையில் கிளம்பி அவமானத்தில் வந்து சேர வேண்டுமானால், வழியில் மனிதர்கள் நின்றிருக்க வேண்டும். தனியாய் நின்றவரைச் சுற்றி நின்று பார்த்தவர்கள். அதை யோசித்துக்கொண்டு அறைக்குள் மேலும் கீழும் நடந்தேன்.

"தரை தேயுது" என்றார் உம்மா. "இதப் படிக்கத்தானா உன்னக் கெம்பஸுக்கு அனுப்பின? தங்கச்சிக்காரி மண்டபத்துல தனிய இருந்து தின்டுட்டு வந்திரிக்கா, இவ அதுக்கு அர்த்தம் தேடுறா."

உம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்காகத் தேடுவதை நிறுத்தவும் என்னால் முடியவில்லை.

தம்பி திரும்பி வந்தான். மெலிந்து, முடி ஒட்ட வெட்டி, கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவனாக. முதல் வேலையாக வீட்டில் இருந்த மின்விசிறிகளை எல்லாம் கழற்றித் துடைத்துப் பூட்டினான். அது முடிந்ததும் செய்ய ஒன்றும் இல்லை. பழுது என்று யாரும் எதையும் கொண்டுவரவில்லை. சேரக்கூடாத கூட்டாளிகள் மட்டும் போன் எடுத்தார்கள். அவன் நம்பரை மாற்றினான். நல்ல கூட்டாளிகளை அவர்களுடைய உம்மாமார் விடவில்லை. தெருவில் அவனைக் கண்டால் சலாம் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்கள்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டின்போது சொன்னான். "ஆக்கள் வராத வீட்ல என்னால இரிக்க ஏலா உம்மா. நான் கொழும்புக்குப் போறன்."

கொழும்பில் யாரும் அவனை அறிய மாட்டார்கள்; அவனுக்கு வேண்டியது அதுதான். சாச்சியைப் பயமுறுத்தியதும் அதேதான். அறைக்குள் தனியாக, யாரும் கேட்பார் இல்லாமல், கையில் சம்பளத்தோடு இருந்தால் அவன் மறுபடி எங்கே போய் நிற்பான்?

"நான் சோறு குடுக்கப் போறன்" என்று சாச்சி அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். "என்ட புள்ள சுகமா வந்ததுக்கு. தெருவுக்கு மட்டும். சஹன்லதான் வைக்கிற. ஆக்கள் வந்து உக்காந்து தின்டாங்க எண்டா அவன் நிப்பான்."

உம்மாவும் நானும் உடனே ஓம் என்றோம்.

எங்கள் ஊரில் விருந்துக்குச் சொல்லுவது என்று ஒரு முறை இருக்கிறது. கார்ட் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், வீட்டு ஆள் ஒருவர் வாசலுக்கு நேரில் வந்து வாயால் சொல்ல வேண்டும். பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள். வந்தவர் கொஞ்சம் உட்கார வேண்டும், கொடுத்ததில் ஒரு வாய் குடிக்க வேண்டும், கிழமையைச் சொல்லி, "கட்டாயம் வரணும்" என்று சொல்லிவிட்டு எழும்ப வேண்டும். அதுதான் அழைப்பு. மற்றதெல்லாம் தகவல்.

"எந்த மூஞ்சோட போய் நிக்கிற?" என்றார் சாச்சி. "கேட்டத் திறக்காட்டி? உள்ளுக்கு இருந்துகொண்டு ஆள் இல்ல எண்டு செல்லிட்டா? அவங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். நான் போன்ல வொய்ஸ் போடுறன்."

போட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக, பேர் சொல்லி, பிள்ளைகளை விசாரித்து, இடையில் நிறுத்தி மறுபடி தொடங்கி. நானும் கேட்டேன். அவ்வளவு அழகான அழைப்பை நான் கேட்டதில்லை. எனக்கே அது போதும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு தம்பி வெள்ளைச் சட்டையோடு வாசலில் போய் நின்றான். வருகிறவர்களைக் கைகொடுத்து உள்ளே அழைப்பது வீட்டு ஆணின் வேலை. முற்றத்தில் கூடாரம், பாய், கை கழுவத் தண்ணீர், எல்லாம் தயார். தெருவில் ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து போனார்கள். போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் வீட்டு ஆட்கள் வந்தோம். உம்மாவின் அண்ணனான மாமாவின் குடும்பம் வந்தது. வேறு யாரும் இல்லை. தம்பி ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் நின்றான். வெயில் அவன் முகத்துக்கு நேரே இருந்தது. பிறகு உள்ளே வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

"செவ்வாக்கிழம பஸ்ல போறன் உம்மா" என்றான். கோபமே இல்லை குரலில். அதுதான் எங்களைச் சுட்டது.

அடுத்த நாள் காலையில் சந்தியில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ராத்தாவும் அங்கே நின்றார். நான் பார்க்காததுபோல் வெண்டிக்காயை ஒடித்துப் பார்த்தேன். அவர்தான் கிட்ட வந்தார்.

"உங்கட சாச்சி எங்கள நல்லாக் கேவலப்படுத்திட்டா."

"என்ன ராத்தா சொல்றீங்க? வராம விட்டது நீங்க. கேவலப்பட்டது அவ."

"சொல்லாத சோத்துக்கு எப்பிடி வாற?"

"சொன்னாவே! எவ்வளவு அழகா வொய்ஸ் போட்டா."

"கரன்ட் பில்லும்தான் போனுக்கு வருது. அதுக்கு நான் உடுத்திக்கொண்டு போறனா?" அவர் மூச்சு வாங்கினார். "எங்கட கேட்டத் திறந்தா அவட கேட். எட்டு வச்சா வந்துரலாம். அந்த ரோட்டக் குறுக்கால கடந்து வந்து செல்ல நாங்க பெறுமதி இல்ல எண்டுதானே போன்ல போட்டா? தெருவுல எல்லாரும் இதத்தான் கதைக்காங்க. மகன்ட விசயத்துல நாங்க பாத்துக்கொண்டு நிண்டம் எண்டு அவக்குக் கோபம், அதால சும்மா பேருக்குச் சொல்லியிரிக்கா எண்டு."

"கோபம் இல்ல ராத்தா. வெக்கம்."

"அவக்கு மட்டுமா வெக்கம்?" என்றவர் குரலைத் தணித்தார். "கலியாணத்துல அவ தனிய இரிக்கக்குள்ள எழும்பி வர நெனச்சன். பக்கத்துல என்ட மாமியார் இருந்தா. கால் எழும்பல்ல. அண்டைக்கிலிருந்து அவட மூஞ்சப் பாக்க ஏலாம இரிக்கி எனக்கு." வெண்டிக்காயை வாங்கிப் பைக்குள் போட்டார். "எங்கட வீட்லயும் பொடியன் ஒருத்தன் வளருறான் புள்ள. சாச்சிட வீட்டப் பாக்கக்குள்ள என்ட வீடுதான் தெரியுது. அந்தப் பயத்துல ஆக்கள் ஒதுங்குறாங்க. எல்லாரும் எளக்காரத்துல ஒதுங்குற எண்டு நெனைக்காத."

எல்லாரும் அவரைப் போலத்தானா என்பது எனக்குத் தெரியாது. மண்டபத்தில் முகம் திருப்பியவர்களில் உண்மையாகவே ஏளனமாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள், நான் கண்டேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நடந்தது வேறு. சாச்சி அவர்களைச் சங்கடத்திலிருந்து காப்பாற்ற நினைத்து வாசலுக்குப் போகாமல் விட்டார். வாசலுக்கு வராததை அவர்கள் தங்களுக்கான அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு சின்ன ரோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு வீடுகள், ஒவ்வொன்றும் மற்றது தன்னை ஒதுக்கிவிட்டது என்று கதவைச் சாத்திக்கொண்டு. நான் மரக்கறிப் பையோடு சாச்சி வீட்டுக்கு ஓடினேன்.

சாச்சி நம்பவில்லை. பிறகு கோபப்பட்டார். "வராம விட்டதுக்கு ஒரு சாட்டு!" பிறகு அடுப்படியில் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப, நான் போய்ச் சொல்லியிருந்தா வந்திருப்பாங்களா?"

"கொஞ்சப் பேர் வந்திருப்பாங்க சாச்சி."

அப்போதுதான் பஸ்ஸில் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். கேவலம் என்றால் பழைய நாளில் தனிமை என்பதை, காரைதீவுக்காரி சொன்ன இருட்டை, கண்ணை. சாச்சி கவனமாகக் கேட்டார்.

"அப்படிப் பாத்தா இந்தத் தெருவுல எல்லாரும் கேவலந்தான்" என்றார். "கேட்டப் பூட்டிட்டுத் தனித்தனிய இரிக்கிறம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவன் பிடிபட்ட நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரிப்பு முடிவதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தம்பியிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. பை கட்டி வைத்திருந்தான்.

"வாற வெள்ளிவரைக்கும் நில்லு" என்றேன். "திரும்பச் சோறு குடுக்கிறம். இந்தத் தரம் முறையாச் சொல்லி."

"ரெண்டாந்தரமும் வராட்டி?"

"வராட்டி நானே உன்னக் கொண்டுபோய் பஸ் ஏத்துறன். ஒரு சொல் சொல்ல மாட்டன்."

யோசித்தான். பிறகு நான் எதிர்பார்க்காத இடத்தில் பிடித்தான். "பொம்புளைகளுக்கு உம்மா சொல்லுவா. ஆம்புளைகளுக்கு யாரு சொல்ற?"

எனக்கு அது தோன்றவே இல்லை. சாச்சப்பா கத்தாரில். ஆண்களுக்கு வீட்டு ஆண்தான் சொல்ல வேண்டும்.

"மாமாவக் கேப்பம்" என்றேன்.

"மாமா இந்த வீட்டு ஆள் இல்லையே" என்றான். "அவர் போனா, இவன் ஒளிச்சிட்டு நிக்கான் எண்டுதான் கதைப்பாங்க." கட்டிய பையின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். "நான் சொல்றன்."

இதை நான் எழுதிக்கொண்டிருப்பது திங்கட்கிழமை பகலில். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கிளம்புகிறோம். தூரத்து வீடுகளில் தொடங்கி, வாய் பழகியபின் கிட்டத்து வீடுகளுக்கு வரலாம் என்றார் சாச்சி. தம்பி மறுத்துவிட்டான். முதலில் எதிர்வீடு. சாச்சியும் நானும் ராத்தாவிடம் உள்ளே போவோம்; அவன் ராத்தாவின் கணவரிடம் போர்ட்டிகோவில் நிற்பான். ஜீப் வந்த அன்று தன் மகனின் கண்ணைப் பொத்தி உள்ளே இழுத்துப்போன மனிதர் அவர். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

என்ன சொல்வது என்று தம்பி என்னிடம் கேட்டான். சலாம் சொல்லு, உட்காரச் சொன்னால் உட்காரு, தந்ததைக் குடி, கிழமையைச் சொல்லு, கட்டாயம் வரணும் என்று சொல்லு என்றேன். உட்காரச் சொல்லாவிட்டால்? நின்றுகொண்டே சொல்லு. வெளியே வராவிட்டால்?

"நாளைக்கும் போறதான்" என்று அவனே சொல்லிவிட்டுச் சட்டைக்கு அயன் போடப் போனான்.